30 ஆண்டு அரிசி ஆலையில் கிடந்த கெசல் இன்ஜின்: என் ஹெரால்டில் ஓடுமா?

கொங்குஹெரால்டு (கோபிசெட்டிபாளையம்), ஜூன் 6

வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்று முதல் முறையாக எழுதுகிறேன்.

என்னிடம் 1967ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. அப்பா மூன்றாவது கையாக வாங்கிய வண்டி. மாசி மாதம் இன்ஜின் பிளாக்கில் விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தது. ஒரு பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்தார்கள். பவானிப் பாலம் வரை தாங்கியது. அதற்குப் பிறகு கயிறு கட்டித்தான் வீட்டுக்கு வந்தோம்.

மாமாவின் அரிசி ஆலையில் 1975ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் கெசல் கார் ஒன்றின் இன்ஜின் கிடக்கிறது. காரின் உடம்பு துருப்பிடித்துப் போனதால் 1994இல் இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, இன்ஜினை மட்டும் இறக்கி இரண்டு பலகைகள்மேல் வைத்துச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறார்கள். கழற்றிய அன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்று மாமா சத்தியம் செய்கிறார். கார்புரேட்டரை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றபடி எல்லாம் இருக்கிறது.

வரும் ஞாயிறு பிளக்குகளைக் கழற்றி, கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, டிராக்டர் பேட்டரியைக் கொடுத்து ஸ்டார்ட்டரில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

---

மாருதிமணி (திருப்பூர்), ஜூன் 6

நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். 948 சி.சி.யில் 30 ஆண்டுத் துருவை உயிர்ப்பிக்கச் செலவழிக்கும் பணத்தில் மாருதி ஆம்னி இன்ஜினும் கியர்பாக்ஸும் வாங்கி மாட்டிவிடலாம். தெருவுக்குத் தெரு பாகம் கிடைக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும். பழைய கார் என்பது பார்ப்பதற்குத்தானே? பானெட்டைத் திறந்து யார் பார்க்கப் போகிறார்கள்?

---

பழைய_ஸ்பானர் (சென்னை, அயனாவரம்), ஜூன் 7

தம்பி கோபி, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேட்டரியைத் தொடவே தொடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

எனக்கு வயது 72. 1971 முதல் ஸ்டாண்டர்ட் வண்டிகளில் கை வைத்திருக்கிறேன். நான்கு சிலிண்டர் இன்ஜினை நீங்கள் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஏதாவது ஒரு வால்வ் திறந்தேதான் இருக்கும். கார்புரேட்டரும் இல்லாமல் கிடந்தது என்கிறீர்கள். அந்தத் திறந்த வால்வ் வழியாக 30 ஆண்டு மழைக்கால ஈரக் காற்று ஒரு சிலிண்டருக்குள் போய்வந்துகொண்டு இருந்திருக்கிறது. அந்தச் சிலிண்டரில் பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட்டருக்கு இரக்கம் கிடையாது. அது சுற்றினால் ரிங் உடையும். உடைந்த ரிங் துண்டு போரில் (சிலிண்டரின் உட்சுவரில்) கோடு இழுக்கும். அப்படி நடக்காமல் போனாலும், எண்ணெய் இல்லாத பேரிங் காய்ந்த உலோகத்தோடு உரசும். வால்வ் ஒன்று கைடில் இறுகிக் கிடந்தால் அதைத் திறக்கும் கம்பியான புஷ்ராடு வளையும். நல்ல நிலையில் இருந்த இன்ஜினை இரண்டு நொடியில் கெடுத்தவர்கள் எனக்கே நாலு பேர் தெரியும். அதில் ஒருவன் நான்.

முதலில் வெளியே துடையுங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வுகளுக்கு மேலே இருக்கும் ராக்கர் மூடியைத் திறந்து பாருங்கள். சம்ப் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) நட்டை அவிழ்த்து என்ன வருகிறது என்று பாருங்கள்: தண்ணீரா, எண்ணெயா, இரண்டும் கலந்ததா. எழுதுங்கள். அதுவரை எதையும் சுற்ற வேண்டாம், கையால்கூட.

கெசல் இன்ஜின் உங்கள் ஹெரால்டுக்கு அப்படியே உட்காரும். நம் ஊரில் ஹெரால்டுக்கும் கெசலுக்கும் கடைசிவரை 948 சி.சி.தான்; சிலிண்டர் குறுக்களவு 63 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 76 மி.மீ. கெசலில் பெரிதாக மாற்றியது பின் ஆக்ஸில். இங்கிலாந்தில் இதே பிளாக்கை 1147, 1296, 1493 என்று வளர்த்துக்கொண்டே போனார்கள். வண்டலூரில் இருந்த நம் ஸ்டாண்டர்ட் ஆலையில் அந்தப் பேச்சே எழவில்லை.

---

கொங்குஹெரால்டு, ஜூன் 9

ஐயா, நல்ல வேளை நீங்கள் எழுதினீர்கள்.

மேனிஃபோல்டைக் கழற்றினேன். கார்புரேட்டர் இருந்த ஓட்டையிலிருந்து இன்லெட் போர்ட் வரை குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. உடைத்து எடுத்ததில் உள்ளங்கை நிறைய மண், அதற்குள் காய்ந்துபோன சிலந்திகள். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்களே என்று அத்தை கேட்டார். 30 ஆண்டில் எத்தனை பிறந்தன என்று கணக்குப் பார்த்தால் அந்த ஆலைக்குப் பொருந்தத்தான் செய்கிறது.

எக்ஸாஸ்ட் பக்கம் எலி. கடலைத்தோல், சாக்கு நார், பஞ்சு.

ஸ்டார்ட்டரில் சுற்றியிருந்தால் அந்த மண் முழுக்க உள்ளே போயிருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது.

சம்ப் நட்டை அவிழ்த்தால் ஒன்றும் வரவில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். முதலில் ஒரு டம்ளர் துருத்தண்ணீர், பிறகு கேழ்வரகுக் களிபோலக் கறுப்பாக ஒரு கட்டி எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது.

பிளக் ஓட்டை வழியாக: 1, 2, 4 பிஸ்டன் தலைகள் கரியோடு கறுப்பாக இருக்கின்றன. 3இல் செம்மண் நிறம்.

---

யாழ்_கேம்பிரிட்ஜ் (யாழ்ப்பாணம்), ஜூன் 10

வணக்கம் தம்பி. உங்கட களிக் கதையை வாசிக்க எங்கள் வீட்டு எஞ்சின் ஞாபகம் வந்தது.

1990களில் இங்கே பொருளாதாரத் தடை. பெற்றோல் கண்ணில் காண முடியாது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் கார்ப்ரேற்றருக்குக் கொடுத்துக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எங்கள் ஐயா சேலைன் குழாயையே அதற்கு வைத்திருந்தார். புகை என்றால் புகை. பின்னால் சைக்கிளில் வருபவன் திட்டிக்கொண்டே வருவான்.

எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டி ஒயிலோடு கலந்துவிடும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறையாமல் கூடிக்கொண்டே போகும். அது தெரியாமல் சந்தோஷப்பட்டவர்களின் பெயரிங்குகள் எல்லாம் போயின.

2004இல் அந்தக் கேம்பிரிட்ஜ் எஞ்சினை எடுத்து சித்தப்பாவின் ஒக்ஸ்போட்டில் பொருத்தினோம். இரண்டும் ஒரே 1489 சி.சி. குடும்பம்தான். உங்கள் பழைய அம்பாசடரும் அதுவே என்பதால், அம்பாசடர் றிங் செட் ஒன்றை இந்தியாவிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தோம். எஞ்சினை வெளியே எல்லாம் கழுவிப் பளபளப்பாக்கினோம். கிராங்க் தண்டின் உள்ளே இருக்கும் ஒயில் வழிகளை மட்டும் துப்புரவாக்காமல் விட்டோம். 300 கிலோமீற்றரில் பிக் என்ட் (கிராங்க்கில் கனெக்டிங் ராட் சேரும் பெயரிங்) தட்டத் தொடங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் ஒரு வழியில் கறுப்புக் கட்டி அடைத்திருக்கிறது.

சம்பில் களி இருந்தால் வழிகளிலும் இருக்கும். அதை மறக்காதீர்கள்.

---

பழைய_ஸ்பானர், ஜூன் 10

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னதைத் தங்க எழுத்தில் எழுதி ஷெட்டில் ஒட்டுங்கள். பிளாக்கின் நீளவாக்கில் போகும் எண்ணெய் வழிக்கு இரு முனையிலும் அடைப்பு இருக்கும். அதையும் கழற்றி, கம்பி பிரஷ் விட்டு, டீசல் அடித்து, காற்று அடித்து, வெள்ளைத் துணியில் கறுப்பு வராத வரை கழுவ வேண்டும்.

இப்போது ஹெட்டை (பிளாக்கின் மேல் பாகத்தை) கழற்றுங்கள். நட்டுகளைக் கால் சுற்று, கால் சுற்றாக, நடுவிலிருந்து வெளியே. ஹெட் எழும்பவில்லை என்றால் இடுக்கில் உளி வைக்காதீர்கள். பரப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் கேஸ்கட் ஊதும். ஸ்டட் ஒவ்வொன்றின் வேரிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் பொறுத்து, பக்கவாட்டில் மரச்சுத்தியால் தட்டுங்கள்.

ராக்கரையும் புஷ்ராடுகளையும் எடுத்ததும் எட்டு டேப்பட்டுகளையும், அதாவது கேம் தண்டின் மேல் உட்காரும் சிறு உருளைகளையும், எடுத்துவிடலாம். எது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதே குழிக்குத்தான் திரும்பப் போக வேண்டும். கேம் மேட்டோடு ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகியவை; இடம் மாறினால் இரண்டும் கெடும்.

---

கொங்குஹெரால்டு, ஜூன் 15

ஹெட் நாலு நாள் பிடிவாதம் பிடித்தது. ஐந்தாம் நாள் காலை தானாகவே வழிக்கு வந்ததுபோல வந்துவிட்டது.

டேப்பட்டுகளை வரிசையாக வைக்க அம்மாவின் பழைய 12 குழிப் பணியாரக் கல்லை எடுத்துக்கொண்டேன். எட்டுக் குழியில் டேப்பட், மீதி நாலில் கொலட்டுகள் (வால்வ் ஸ்பிரிங்கைப் பூட்டும் சிறு துண்டுகள்). அம்மா பார்த்துவிட்டு இரண்டு நாளாகப் பேசவில்லை.

ஐயா சொன்னதே சரி. மூன்றாவது சிலிண்டரின் இன்லெட் வால்வ் திறந்த நிலையில் இருந்திருக்கிறது. பிஸ்டன் பாதி வழியில் நிற்கிறது. அதன் தலைக்கு மேலே போரைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் துருப் பட்டை. மற்ற மூன்று போர்களும் என் கண்ணுக்கு நன்றாக இருக்கின்றன. பழைய எண்ணெய் பழுப்பாகப் படிந்து காப்பாற்றியிருக்கிறது.

சம்பையும் இறக்கினேன். களியைக் கரண்டியால் வழித்தேன். அதில் அரைவட்டமான ஒரு தகடு கிடைத்தது, தேய்ந்து பிளேடுபோல இருக்கிறது. இது என்ன?

---

பழைய_ஸ்பானர், ஜூன் 15

அது கிராங்க்கின் திரஸ்ட் வாஷர். இந்த இன்ஜின் குடும்பத்துக்கே உள்ள பிறவி நோய். உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள், கழற்றிய அன்று அது "நன்றாக" ஓடவில்லை.

கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்பக்கமாகத் தள்ளப்படும். அந்தத் தள்ளலைத் தாங்குவது பின் மெயின் பேரிங்கில் உள்ள இரண்டு அரைவட்டத் தகடுகள். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் ஓட்டுநர் கையில் வண்டி இருந்தால் அவை தேயும். ஓர் அளவுக்கு மேல் தேய்ந்தால் கழன்று சம்பில் விழும். அதற்குப் பிறகும் ஓட்டினால் கிராங்க் நேராகப் பிளாக்கையே அறுக்கும். அப்படி அறுபட்ட பிளாக்கை எடைக்குத்தான் போட வேண்டும்.

பின் மெயின் பேரிங்கின் மூடியான கேப்பைக் கழற்றி, தகடு உட்காரும் இடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். எல்லாம் அங்கேதான் முடிவாகும்.

---

மாருதிமணி, ஜூன் 15

ஆம்னி இன்ஜின் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு காரின் பழைய இன்ஜினைத் தூக்கி இன்னொரு காரில் போடும் வேலையைப் புத்தியுள்ள எந்தக் கம்பெனியாவது செய்திருக்கிறதா?

---

பழைய_ஸ்பானர், ஜூன் 16

இதே ஸ்டாண்டர்ட் செய்தது. 1985இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 நினைவிருக்கிறதா? உடம்பு ரோவர் எஸ்.டி.1. இங்கிலாந்தில் அதே உடம்புக்குள் 3.5 லிட்டர் வி8 போட்டு விற்றார்கள். நம் ஆட்கள் பழைய ஸ்டாண்டர்ட் வேன்கார்டு கார் காலத்து வம்சமான 1991 சி.சி. இன்ஜினை வைத்தார்கள். அந்த வம்சம் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதது, ட்ரையம்ப் டி.ஆர்.2 பந்தயக் காரிலும் ஓடியது.

---

மாருதிமணி, ஜூன் 16

அந்தக் கார் வந்து சில ஆண்டுகளில் கம்பெனி என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா.

---

பழைய_ஸ்பானர், ஜூன் 16

சரி தம்பி, இந்த ஆட்டம் உங்களுக்கு.

---

கொங்குஹெரால்டு, ஜூன் 27

படம் போட்டிருக்கிறேன். தகடு உட்காரும் பள்ளத்தில் லேசான தேய்மானம் இருக்கிறது, ஆனால் கேப்பும் பிளாக்கும் அறுபடவில்லை. பிழைத்தது.

மூன்றாவது பிஸ்டனை விடுவிக்க ஒன்பது நாள் ஆனது. மற்ற மூன்று கனெக்டிங் ராடுகளின் கேப்பை அவிழ்த்ததும் அவை விரலால் தள்ளினாலே மேலே வந்தன. மூன்றாவதில் கியர்பாக்ஸ் எண்ணெயையும் அசிட்டோனையும் சமமாகக் கலந்து ஊற்றிவைத்தேன். தினமும் காலை, பால் கறக்கும் நேரத்தில், பூவரசங்கட்டையை வைத்து நாலு தட்டு. பலமாக அடிக்கக் கை துடித்தது, ஆனால் ஐயாவின் முகம் (பார்த்ததில்லைதான்) நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் நாள் ஊற்றியிருந்த எண்ணெய் மட்டம் இரவோடு இரவாக இறங்கியிருந்தது. தட்டினேன். கட்டை கையில் அதிரவில்லை. பிஸ்டன் ஒரு நூல் கீழே போயிருந்தது. பிறகு கீழிருந்து தட்டி மேலே எடுத்தேன். இரண்டு ரிங்குகள் பள்ளத்தோடு ஒட்டி இரும்பாகிவிட்டன.

போரில் துரு இருந்த இடத்தில் நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. அடுத்து என்ன?

---

கணபதி_லேத் (கோயம்புத்தூர்), ஜூன் 28

வணக்கம். கணபதியில் அப்பா 1978இல் ஆரம்பித்த போரிங் பட்டறையை இப்போது நான் நடத்துகிறேன்.

நகம் தட்டினால் ஹோனிங் (போரை லேசாகத் தேய்த்துச் சமனாக்குவது) மட்டும் போதாது. பிளாக்கையும் கிராங்கையும் கொண்டுவாருங்கள், அளந்துவிட்டுப் பேசலாம். ஒரே ஒரு நிபந்தனை: பிஸ்டன் செட் கையில் வராமல் போரை வெட்ட மாட்டேன். 20 ஓவர்சைஸ் (20 தௌ பெரிய பிஸ்டன்; ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிடைக்கும் என்று நம்பி வெட்டிவிட்டு, கடையில் 30தான் இருக்கிறது என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. 30க்கு வெட்டிவிட்டு 20 செட்டோடு வந்தால் நான் என்ன செய்வது? வெட்டிய இரும்பை ஒட்ட முடியாது. மேலும், பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நான் நம்புவதில்லை. பிஸ்டனை அளந்து, அதற்குத் தக்கபடிதான் போர்.

ஹெட்டையும் கொண்டுவாருங்கள். 1994இல் நின்ற இன்ஜின் என்றால் அது ஈயம் கலந்த பெட்ரோலை மட்டுமே குடித்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து நாட்டில் ஈயமில்லாத பெட்ரோல்தான். இந்த ஹெட்டில் வால்வ் மூடி உட்காரும் சீட் தனியாகக் கிடையாது, வார்ப்பிலேயே வெட்டியது. ஈயம்தான் சீட்டுக்கும் வால்வுக்கும் நடுவே மெத்தைபோல இருந்தது. அது இல்லாமல் எக்ஸாஸ்ட் சீட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். எக்ஸாஸ்ட் நான்குக்கும் கடின சீட் வளையம் அடித்துத் தருகிறேன்.

---

பழைய_ஸ்பானர், ஜூன் 28

அம்மா, போர் விஷயத்தில் நீங்கள் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வளையம் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். இவர் ஆண்டுக்கு 1500 கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். 60க்கு மேல் போகப் போவதில்லை. அந்தச் சூட்டில் சீட் இறங்க எத்தனையோ ஆண்டு ஆகும். 50 ஆண்டு வார்ப்பில் வளையத்துக்குக் குழி வெட்டும்போது தண்ணீர் அறை வெளியே எட்டிப் பார்த்தால் ஹெட் போயிற்று. டேப்பட் இடைவெளி அடிக்கடி குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டட்டும். குறையத் தொடங்கினால் அன்று வளையம் போடலாம்.

---

கணபதி_லேத், ஜூன் 29

ஐயா, அன்று மறுபடி ஹெட்டைக் கழற்றி, மறுபடி கேஸ்கட் வாங்கி, மறுபடி என்னிடம் வர வேண்டும். இன்று எல்லாம் அவிழ்ந்து கிடக்கிறது. தண்ணீர் அறைக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று பார்க்காமல் நான் வெட்டப் போவதில்லை.

---

கொங்குஹெரால்டு, ஜூலை 20

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். கடைசியில் லேத் அக்கா பக்கம் சாய்ந்துவிட்டேன், எக்ஸாஸ்ட் நான்குக்கு மட்டும். ஐயா மன்னிக்க வேண்டும்.

பிஸ்டனுக்காகக் கோவை உக்கடத்தில் ஆரம்பித்துச் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு வரை போனேன். 20 எங்கேயும் இல்லை. புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் பரணிலிருந்து தூசி தட்டி 30 செட் எடுத்துக் கொடுத்தார். எண்ணெய்த்தாள்கூடப் பிரிக்கவில்லை. அக்கா அளந்து பார்த்து, நான்கில் ஒன்றுக்கு மட்டும் போரை அரை தௌ வித்தியாசமாக வைத்தார். பெட்டியை ஏன் நம்பக்கூடாது என்று இப்போது புரிகிறது. 30 தௌ வெட்டினால் சுவருக்கு 15 வீதம் போகும். துருக்குழி 8 தௌ ஆழம்தான் இருந்தது, ஆகவே முழுதாக மறைந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 948 இப்போது 971 ஆகிவிட்டது. மாருதிமணி அண்ணன் கவனிக்க: 23 சி.சி. கூடுதல் சக்தி.

---

மாருதிமணி, ஜூலை 20

கவனித்தேன். பயமாக இருக்கிறது.

கேலி இருக்கட்டும், ஒரு விஷயம் உண்மையாகவே சொல்கிறேன். ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பழைய இன்ஜின் எண்தானே இருக்கும்? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இதற்குத்தான். கெசலின் பழைய ஆர்.சி., மாமா உங்களுக்குக் கொடுத்ததாக ஒரு கடிதம், லேத் ரசீது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வண்டியில் ஏற்றும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். என் ஜீப்பில் இன்ஜின் மாற்றிவிட்டுப் பிறகு போய் நின்று எட்டு மாதம் அலைந்தேன்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த வின்டேஜ் பதிவைப் பற்றி யாராவது ஆசை காட்டினால் யோசித்துச் செய்யுங்கள். இன்ஜினிலோ சேஸியிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அது இல்லை என்று விதியிலேயே இருக்கிறது. அந்தப் பதிவு வாங்கினால் வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. ஒரே தயாரிப்பு, ஒரே ரகம், ஒரே 948 என்பதால் சாதாரணப் பதிவில் மாற்றுவது உங்களுக்குச் சுலபம். ஆம்னி இன்ஜின் போட்டிருந்தால் இதுவும் தலைவலிதான், ஒப்புக்கொள்கிறேன்.

---

பழைய_ஸ்பானர், ஜூலை 21

மணி, இந்த ஆட்டம் எனக்கு என்று வைத்துக்கொள்ளலாமா?

கோபி, கோர்க்கும்போது இரண்டு விஷயம். திரஸ்ட் தகட்டில் வெண்ணுலோகமும் பள்ளமும் உள்ள முகம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும், பிளாக்கைப் பார்க்கக்கூடாது. திருப்பிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். போட்டதும் கிராங்க்கை முன்னும் பின்னும் நெம்பி அளந்து பாருங்கள்: 4 முதல் 8 தௌவுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது முதல் எண்ணெய். டிஸ்ட்ரிபியூட்டரையும் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தருவது) அதன் அடியில் உள்ள டிரைவ் கியரையும் தூக்கிவிட்டால் ஆயில் பம்ப் தண்டு தெரியும். நுனியைப் பட்டையாக்கிய ஒரு கம்பியைக் கை டிரில்லில் மாட்டி அதைச் சுற்றுங்கள். ராக்கரில் எண்ணெய் எட்டிப் பார்க்கும் வரை சுற்றுங்கள். 20டபிள்யூ50 சாதாரண மினரல் எண்ணெய் போதும். விலை உயர்ந்த செயற்கை எண்ணெய் இந்தக் கிழவிக்கு வேண்டாம்.

---

யாழ்_கேம்பிரிட்ஜ், ஜூலை 21

பெற்றோல் பம்பின் ரப்பர் சவ்வையும் குழாய்களையும் புதிதாகப் போடுங்கள். உங்கள் நாட்டில் இப்போது 20 வீதம் எத்தனோல் கலந்துதானே தருகிறார்கள்? பழைய ரப்பரை அது தின்றுவிடும். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் கார்ப்ரேற்றர் கிண்ணத்தை வெறுமையாக்கிவிட்டு நிறுத்துங்கள்.

---

கொங்குஹெரால்டு, ஆகஸ்ட் 17

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே மனுக் கொடுத்துவிட்டேன். மணி அண்ணனுக்கு நன்றி.

இன்ஜின் வண்டியில் ஏறிவிட்டது. ஃபிளைவீல், கிளட்ச், பின் தகடு, ஸ்டார்ட்டர், கார்புரேட்டர் எல்லாம் என் ஹெரால்டுடையதையே மாற்றிப் போட்டேன், ஆகவே கியர்பாக்ஸ் தகராறு இல்லாமல் சேர்ந்தது. ஹெரால்டின் முன்பக்கம் முழுக்க முன்னால் கவிழ்வது எவ்வளவு பெரிய வசதி! டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்த்தேன். டிரில்லில் பம்பைச் சுற்றியபோது ஒன்றரை நிமிடத்தில் ராக்கரில் எண்ணெய் துளிர்த்தது.

ஆனால் வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் கொடுத்தால் கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது. ஒரு முறை தீயே வந்து, ஈரச்சாக்கு போட்டு அணைத்தோம். தீப்பொறி இருக்கிறது, பெட்ரோல் வருகிறது, அமுக்கமும் நான்கிலும் சமமாக இருக்கிறது. மாமா வந்து பார்த்துவிட்டு, "நான் வைத்திருந்தபோது நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

---

பழைய_ஸ்பானர், ஆகஸ்ட் 17

டிரைவ் கியரைத் தூக்கித் திரும்ப வைத்தீர்கள் அல்லவா? அரைச் சுற்று மாறி உட்கார்ந்திருக்கிறது. முதல் சிலிண்டர் எரிய வேண்டிய நேரத்தில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் நான்காவதைக் காட்டும். பிளக் ஒயர்களில் 1ஐயும் 4ஐயும், 2ஐயும் 3ஐயும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். 1-3-4-2 வரிசை கெடாது. கிளம்பினால் நோய் இதுதான். பிறகு பொறுமையாகக் கியரைச் சரியாக வைத்து ஒயர்களைப் பழைய இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுத்து வண்டியைத் தொடும் மெக்கானிக் உங்களைச் சபிக்க வேண்டாம்.

---

கொங்குஹெரால்டு, ஆகஸ்ட் 18

ஒயரை மாற்றினேன். இரண்டாவது சுற்றில் கிளம்பிவிட்டது.

முதலில் வெள்ளைப் புகை; கோர்க்கும்போது தடவிய எண்ணெய் எல்லாம் எரிந்தது. எதிர்வீட்டுக்காரர் ஏதோ எரிகிறது என்று குடத்தோடு ஓடிவந்தார். ஐந்து நிமிடத்தில் புகை நின்றது. எண்ணெய் விளக்கு அணைந்தே இருக்கிறது. அப்பா ஒன்றும் பேசவில்லை. போய் நாற்காலி எடுத்துவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார், அணைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

இன்று காலை கியரையும் சரியாக வைத்துவிட்டேன். அம்மாவை உள்ளே உட்கார வைத்துக் கிளட்சை மிதிக்கச் சொல்லி முன்னால் கிராங்க் புல்லியைப் பார்த்தேன். அசைவு 5 தௌ. பணியாரக் கல் விவகாரமும் புதுக் கல் வாங்கிக் கொடுத்ததில் தீர்ந்தது.

ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து இணைத்திருக்கிறேன்.

---

கணபதி_லேத், ஆகஸ்ட் 18

கேட்டேன். பட்டறையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். 500 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றிவிட்டு, ஹெட் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.

---

மாருதிமணி, ஆகஸ்ட் 18

நன்றாக இருக்கிறது. சொல்ல மனம் வரவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒருநாள் கோபிக்கு வரலாமா?

---

பழைய_ஸ்பானர், ஆகஸ்ட் 19

மூன்று முறை கேட்டேன். ஒரு டேப்பட் தளர்வாக இருக்கிறது தம்பி, தையல் மிஷின்போலத் தட்டுகிறது. வண்டி நன்றாக ஆறிய பிறகு 10 தௌவுக்கு வையுங்கள். ஒன்பது கணக்கு தெரியும்தானே? எந்த வால்வ் முழுதாகத் திறந்திருக்கிறதோ அந்த எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருவதை அளக்க வேண்டும்.

---

கொங்குஹெரால்டு, ஆகஸ்ட் 19

மூன்றாவதைத் திறந்துவைத்து ஆறாவதை அளந்தேன் ஐயா. 14 இருந்தது.